சேவல் சுற்றாமல் ஓட்டிய மெஷின்

“டீச்சர், நீங்க எழுதுனதைக் கேட்டுட்டு எங்கப்பா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு அடம் புடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. கொஞ்சம் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை. மலேசியாவில், மந்தின் என்ற சிற்றூரில் என் வீட்டு அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் பேசியவள் நாலாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது நீலாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். லுக்குட்டுக்குப் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த அதே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா அந்தத் தோட்டத்து ஆலையில் மெஷின் ஓட்டியவர். நாற்பது வருடத்துக்கு முன்னால் அந்த மெஷின் அவருடைய வலது கையை முழங்கைக்கு மேல் வரை இழுத்துக்கொண்டது.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். “நான் என்னம்மா புதுசா எழுதிட்டேன்? தோட்டத்துல எல்லாரும் சொல்ற கதைதானே?” என்று பாய்ந்தேன்.

“அதைத்தான் டீச்சர் நானும் சொல்றேன். அது வெறும் கதைதான்னு நீங்களே வந்து சொல்லுங்க லா. இனிப்பு நீரு வியாதி, சர்க்கரை ஏறிக் கால் புண்ணு கறுத்துப் போச்சு. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள வந்து சேருங்க, பாதத்தை எடுக்கணும், இல்லாட்டி உயிருக்கே ஆபத்துன்னுட்டாரு டாக்டர். இவரு என்னடான்னா, சேவல் கொடுக்காததுக்கு முனி கையை எடுத்துச்சு, இப்ப மிச்சத்தைக் கேட்குது, அது எடுத்துக்கிட்டுப் போகட்டும், குறுக்க டாக்டர் யாருன்னு கேட்கிறாரு. எனக்குப் பைத்தியமே புடிச்சிடும் போல இருக்கு.”

அடுப்பை அணைத்தேன். வருகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மெஷின் ஏன் நிற்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது, அவள் அப்பாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நாற்பது வருடமாகத் தெரியும்.

நான் எழுதியது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பொழுது போகவில்லை. ஊர்க்கதை பொறுக்க ஆரம்பித்தேன். எங்கள் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் போய்விட்டன. ரப்பர் ஆலையையும் பிரித்து விற்றுவிட்டார்கள். மெஷினின் இரும்புச் சட்டம் மட்டும் தூக்க ஆள் இல்லாமல் முனி கோயிலுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் கிடக்கிறது. அதன் பக்கவாட்டில், இங்கிலாந்தில் அது வார்க்கப்பட்ட ஊரின் பெயர் புடைப்பு எழுத்தில் இருக்கும். சின்ன வயதில் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். படம் எடுத்து இணையத்தில் போட்டேன்.

ஒரு மாதத்தில் அந்த ஊரிலிருந்தே கடிதம் வந்தது. அங்கே நாலைந்து வயதானவர்கள் சேர்ந்து தங்கள் ஊர் ஆலைகளின் விசித்திரக் கதைகளைத் தொகுத்துச் சிறு புத்தகமாகப் போடுகிறார்களாம். எங்கள் ஊர் இரும்பு உங்கள் காட்டிலா கிடக்கிறது, அதற்குக் கதை ஏதும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். மாதிரிக்குத் தங்கள் கதைகள் சிலவற்றையும் அனுப்பியிருந்தார்கள். பந்தயம் கட்டி ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் உட்கார்ந்து டீ குடித்தவன் ஒருவன். காலையில் வேகமாகவும் மாலையில் மெதுவாகவும் ஓடிய ஆலைக் கடிகாரம் ஒன்று. அப்புறம் ஒரு நெசவாலைப் பெண். அவள் கூந்தல் பெல்ட்டில் சிக்கிப் பிய்ந்துபோனது. ஞாயிற்றுக்கிழமையில் தலை வாரிக்கொண்டதற்குக் கிடைத்த தண்டனை என்று ஊரே சொல்லிற்றாம்.

நான் விடுவேனா? “முதலாளிக்கு எவ்வளவு தோதான கதை! பெல்ட்டுக்கு மூடி போடாதவனை விட்டுவிட்டுச் சீப்பைப் பிடித்துக்கொண்டீர்களே” என்று அவர்களுக்கு எழுதி வம்பு பண்ணினேன். அவர்கள் சிரித்துப் பதில் போட்டார்கள். மறு வாரம் அதே கையால் எங்கள் சேவல் கதையை எழுதி அனுப்பினேன். அதை எழுதும்போது எனக்கு உறுத்தவே இல்லை என்று சொன்னால் பொய். உறுத்தியது. ஆனால் கதை நன்றாக வந்திருந்தது, பாழாய்ப் போன பெருமை என்னை விடவில்லை.

கதை இதுதான். ஒட்டுப்பால் என்பது பால் கட்டியான பிறகு மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம். அதை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கித் துப்பட்டி மாதிரி எடுப்பார்கள். உருளைகளைச் சுற்றவைப்பது ஒரு பெரிய பெல்ட். எங்கள் ஆலையில் பெல்ட் மாற்றும் போதெல்லாம், முதல் ஓட்டத்துக்கு முன் உயிருள்ள சேவல் ஒன்றை உருளைகளுக்கு மேல் மூன்று தடவை சுற்றி, பின்னாலிருந்த முனிக்கு அறுத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவார்கள். துரைமார்கூட அதற்குத் தடை சொன்னதில்லை. அரை மணி நேரம் போனாலும் ஆட்கள் தைரியமாக வேலை செய்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு நாள் மட்டும் ஒட்டுப்பால் மலையாகக் குவிந்து கிடந்தது. மெஷின்காரர், “சேவலைச் சாயங்காலம் சுத்திக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஓட்டினார். மத்தியானம் கை போனது.

இதை அந்த ஊர்க்காரர்கள் புத்தகத்தில் போட்டார்கள். நான் தமிழில் எழுதி எங்கள் பழைய தோட்டத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். கைதட்டலும் கும்பிடுமாக வந்து குவிந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதை அவரிடமே வாசித்துக் காட்டியிருக்கிறான், வெள்ளைக்காரன் ஊர் வரைக்கும் உங்க கதை போயிருச்சு மாமா என்று.

இனி நான் எழுதாதது. எங்கள் அப்பா அந்தத் தோட்டத்துக் கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், ஆபீஸ் உத்தியோகம், மேட்டில் தனி வீடு. நான் அப்போது ஆசிரியர் பயிற்சியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். இருபத்திரண்டு வயது. ஒன்றும் தெரியாத குழந்தை இல்லை நான். கை போன மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னார்.

“ஃபிட்டர் காலமை வயரைத் திருப்பிப் பூட்டிப்போட்டான். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கேக்க எல்லாம் சரியா இருக்கும். நீ வெளியில வாயைத் திறக்கப்படாது, விளங்குதோ?”

எந்த வயர் என்று கேட்டேன். மெஷினுக்கு முன்னால் நெஞ்சு உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி இருக்கும். ஆபத்து என்றால் அதைத் தள்ளினால் போதும், மெஷின் நின்றுவிடும். ஆட்கள் குனியும்போது தெரியாமல் உடம்பு பட்டு அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு தேங்குகிறதே என்று துரை கத்தினார். பெல்ட் மாற்றிய அன்று, துரை சொன்னார் என்று அப்பா ஃபிட்டரைக் கூப்பிட்டு, சரக்குப் போகும் வரைக்கும் கம்பியின் வயரைப் பெட்டிக்குள் கழற்றிவைக்கச் சொல்லியிருக்கிறார். மெஷின்காரரிடம் சொல்லவில்லை.

“ஏன் அவரிட்ட சொல்லேல்ல?” என்றேன்.

“சொன்னால் மெஷினில கை வைப்பாங்களோ?” என்றார் அப்பா.

அப்பா அன்றைக்கு ரசம் கேட்கவில்லை, பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். விபத்துப் புத்தகத்தில் கம்பி சரியாக இருந்தது, தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதியது அவர் கைதான். அப்பா கெட்ட மனிதர் இல்லை என்று எழுதத்தான் எனக்கு வருகிறது. அப்படி எழுத வருவதே எனக்குப் பிடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்தார், கம்பியைத் தள்ளிப் பார்த்தார், மெஷின் நின்றது, போய்விட்டார். அதற்குள் தோட்டத்தில் சேவல் கதை பிறந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு அது எவ்வளவு வசதி! யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அப்பா காலமான பிறகும் நான் அந்த வசதியை விடவில்லை.

மந்தினிலிருந்து சிரம்பான் வழியாக லுக்குட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அன்று எனக்குப் பாதை முடியவே மாட்டேன் என்றது. வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். கதை பொய், நான்தான் சுவைக்காகச் சேர்த்து எழுதினேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிக் காலில் விழுந்தாலும் விழுந்துவிடலாம். அப்பா பெயரை இழுக்க வேண்டாம். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் சரி. லுக்குட் கடைத்தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்று குறுக்கே பாய்ந்தது. அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உண்மையில் நான் திட்டியது என்னைத்தான்.

கடைத்தெரு தாண்டி ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன இணைப்பு வீடு. வாசலிலேயே புண்ணின் வாடை வந்தது. அவர் ரோத்தான் பிரம்பு நாற்காலியில் கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது சட்டைக்கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. மகள் சுவரோரம் நின்று கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“வாங்க டீச்சரம்மா. கிராணி ஐயா மக நம்ம வீட்டுக்கு வந்திருக்கீங்க. ஏய், ஒரு காப்பி கலக்கு” என்றார்.

“காப்பி எல்லாம் வேணாம் அண்ணே.” அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், அப்பாவும் சரி, நானும் சரி. “நான் எழுதினது வெறும் கதை. எல்லாரும் சொல்றாங்களேன்னு மசாலா சேர்த்து எழுதிட்டேன். சேவலுக்கும் உங்க கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. புறப்படுங்க, நேரமாகுது.”

அவர் சிரித்தார். “மசாலா எங்க டீச்சரம்மா சேர்த்தீங்க? உள்ளதைத்தான் எழுதியிருக்கீங்க. சாயங்காலம் சுத்திக்கலாம்னு சொன்னது நான்தானே. இந்த வாய்தானே சொல்லுச்சு.”

“சொன்னா என்ன? மெஷின் இரும்பு. அதுக்குச் சேவல் தெரியுமா, கோழி தெரியுமா?”

“அப்படின்னா கம்பியைத் தள்ளியும் மெஷின் ஏன் நிக்கல?”

நான் முக்காலியில் இருந்த காலைப் பார்த்தேன்.

“அந்தக் கம்பி என்ன கம்பின்னு உங்களுக்குத் தெரியாது” என்றார். குரல் உயர்ந்துவிட்டது. “சட்டை பட்டன் பட்டாலே நின்னுரும். அத்தனை நாளும் மெஷினை நிறுத்துன கம்பி. கை உள்ள போகும்போது நெஞ்சால தள்ளுனேன். தலையால முட்டுனேன். இந்தா, நெத்தியில தழும்பு, பாருங்க. நிக்கலியே. முனி புடிச்சிருந்தா எந்தக் கம்பி நிறுத்தும்?”

“பழைய மெஷின். ரிப்பேர் ஆகியிருக்கும்…”

“ரிப்பேரா? நாலு நாள் கழிச்சு இன்ஸ்பெக்டர் வந்து தள்ளிப் பாத்தாரு, நின்னுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னாங்க என்கிட்ட. ஊருக்கெல்லாம் நிக்குது, எனக்கு மட்டும் நிக்கல. படிச்சவங்கதானே நீங்க, ஏன்னு சொல்லுங்க. சொன்னீங்கன்னா இப்பவே எந்திரிச்சு வர்றேன்.”

மகள் என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்: “எதையாவது சொல்லுங்க டீச்சர். பொய்யா இருந்தாலும் பரவால்ல. மணி பதினொண்ணு ஆச்சு.”

பொய் சொல்லலாம்தான். வாயில் இரண்டு மூன்று வந்தன. ஆனால் அந்த மனிதர் எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் இதையே யோசித்தவரிடம் ஒரு நிமிடத்தில் யோசித்த பொய் எடுபடாது. காலின் கட்டுத்துணியிலிருந்து மஞ்சளாக எதுவோ கசிந்து முக்காலியில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவை நினைத்தேன், அவருடைய அந்தப் பாதிச் சோற்றை நினைத்தேன். அட, செத்தவருக்கு இனி என்ன போகப்போகிறது என்றும் நினைத்தேன்.

“கம்பியோட வயரைக் கழற்றி வச்சிருந்தாங்க அண்ணே” என்றேன்.

அவருக்கு அது ஏறவில்லை. “எந்த வயரு?”

“கம்பி தள்ளினா மெஷின் நிக்கிறதுக்கு ஒரு வயர் இருக்கு இல்ல, அது. பெல்ட் மாத்துன அன்னிக்கு ஃபிட்டர் பெட்டியைத் திறந்து கழற்றிட்டாரு. துரை சொன்னாருன்னு எங்கப்பாதான் கழற்றச் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லல. கை போன பிறகு, இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முதல் நாள் திரும்ப மாட்டிட்டாங்க. அதனாலதான் அவருக்கு நின்னுச்சு. முனியும் இல்ல, சேவலும் இல்ல.”

முதலில் சத்தம் போட்டது மகள். “டீச்சர்! இது உங்களுக்கு எப்ப தெரியும்?”

“அப்பவே தெரியும்.”

“அப்பவேன்னா? நான் உங்க வகுப்புல உட்கார்ந்திருந்தேனே. கையில்லாதவன் மகன்னு பசங்க கிண்டல் பண்ணினப்ப நீங்கதானே அவங்களை அடிச்சீங்க. அப்பவும் தெரியுமா?”

“தெரியும்மா.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அறைந்திருந்தால்கூடத் தேவலை.

அவர் எங்களைக் கவனிக்கவில்லை. இடது கையால் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். மெதுவாக, வேலை விஷயம் கேட்கிற மாதிரி கேட்டார்.

“அப்ப, வயரு இருந்திருந்தா, நான் முட்டுனப்ப நின்னிருக்குமா?”

“நின்னிருக்கும்.”

“கை?”

“விரல் போயிருக்கலாம் அண்ணே. கை இருந்திருக்கும்.”

தலையை ஆட்டிக்கொண்டார். அழவில்லை, கத்தவில்லை. என்னை அடித்துவிடுவார் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அடித்திருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“வருசா வருசம் சேவல் கொடுத்தேன்” என்றார், யாரையும் பார்க்காமல். “அந்தக் கல்லுக்கு முன்னால நின்னு, தப்பு பண்ணிட்டேன் சாமி, புள்ளைங்களை விட்டுடுன்னு அழுதிருக்கேன். நீங்க அந்தப் பக்கம் காருல போவீங்க. எத்தனையோ தடவை பாத்திருக்கீங்க.”

பார்த்திருக்கிறேன். ஒரு தடவை காரை நிறுத்திப் படம்கூட எடுத்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

“காரை எடு” என்றார் மகளிடம்.

அவள் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தார், முடியவில்லை. நான் குனிந்து தோளைக் கொடுத்தேன். அவர் இடது கையால் என்னை விலக்கிவிட்டு, மகள் திரும்பி வரும்வரை அந்தப் புண்ணுக் காலோடு சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்றார். வாசல் வரைக்கும் அவள் தாங்கிக் கூட்டிப்போனாள். நானும் பின்னாலேயே போனேன். காரில் ஏறும்போது ஏதோ ஞாபகம் வந்தவர் போல நின்று, முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“எம்பொண்டாட்டிதான் அத்தனை வருசமும் ரப்பர் மரத்துல பால் வெட்டி இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துனா. ஒரு சேவலுக்குச் சோம்பல்பட்டுக் கையைத் தொலைச்ச மனுசன்னு சாகுற வரைக்கும் என்னை ஏசுனா. கடைசி நாள்கூட ஏசிட்டுத்தான் போனா. ஆறு வருசமாச்சு அவ போயி.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அவகிட்ட யாரு டீச்சரம்மா போயிச் சொல்றது?”

மகள் கதவைச் சாத்தினாள்.